ஊசிக்கு வராத இளைஞர்: சிறை மருத்துவமனைச் செவிலியர் ஒருவருக்குப் பதில்

கேள்வி:

டாக்டர் அம்மாவுக்கு வணக்கம். நான் திருநெல்வேலி மாவட்டத்தைச் சேர்ந்தவள். ஊரில் பதினோரு ஆண்டுகள் செவிலியராக இருந்துவிட்டு, குடும்பத்தோடு ஆஸ்திரேலியாவுக்கு வந்தேன். ஆறு மாதங்களாக நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தின் உள்நாட்டுப் பகுதியில் ஒரு சிறைச்சாலையின் மருத்துவப் பிரிவில் வேலை செய்கிறேன். இங்கே இருப்பவர்களில் பாதிப் பேருக்கு மேல் அபோரிஜினல் மக்கள், அதாவது இந்நாட்டின் பூர்வகுடிகள். அவர்களில் ஒருவர் இருபத்து நான்கு வயது விசாரணைக் கைதி. சிறுவயதில் ருமாட்டிக் காய்ச்சல் வந்து இதய வால்வு பாதிக்கப்பட்டவர். அந்தக் காய்ச்சல் திரும்ப வராமல் இருக்க 28 நாளுக்கு ஒருமுறை பென்சிலின் ஊசி போட வேண்டும். நெஞ்சு வலிக்கிறது, மூச்சு வாங்குகிறது என்று இரண்டு முறை சொன்னார். காவலர்கள் "நடிக்கிறான்" என்கிறார்கள். எதைக் கேட்டாலும் தலையைக் குனிந்துகொண்டு "ஆமாம்" என்று மட்டும் சொல்கிறார். அவரை வளர்த்த பாட்டி போன வாரம் இறந்துவிட்டார். சாவுக்குப் போக அனுமதி கிடைக்கவில்லை. அதன்பின் ஊசிக்குக் கூப்பிட்டால் வருவதில்லை. உடன் பணிபுரிபவர் "சிகிச்சையை மறுத்தார்" என்று குறித்து, கையெழுத்திட்டு முடித்துவிட்டார். அத்துடன் விட்டுவிடலாமா? வெளிநாட்டிலிருந்து வந்த நான் இதில் எவ்வளவு தூரம் பேசலாம்?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

விட்டுவிடக் கூடாது. வால்வு நோய் உள்ள ஒருவர் நெஞ்சு வலி, மூச்சுத் திணறல் என்று சொல்லியிருக்கும்போது, அவர் நடிக்கிறாரா என்ற கேள்விக்கே இடமில்லை. இந்தப் பதில் உங்கள் கையில் கிடைக்கும் நாளிலேயே அவரை நேரில் பாருங்கள். நாடித்துடிப்பை ஒரு நிமிடம் முழுதாக எண்ணுங்கள். உடல் வெப்பம், இரத்த அழுத்தம், ஆக்சிஜன் அளவு, மூச்சு எண்ணிக்கை ஆகியவற்றை எடுத்து, நேரத்தோடு எழுதுங்கள். வீக்கம் இருக்கிறதா என்று கணுக்காலை அழுத்திப் பாருங்கள். படுத்தால் மூச்சு முட்டுகிறதா என்று அறிய, எத்தனை தலையணை வைத்துப் படுக்கிறீர்கள் என்று மருத்துவமனையில் நாம் வழக்கமாகக் கேட்போம். சிறையில் கொடுப்பதே ஒரு தலையணை என்பதால், இரவில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடி தூங்குகிறாரா என்று கேளுங்கள். இசிஜி எடுத்து, அன்றைக்கே மருத்துவரிடம் பேசுங்கள். அளவுகள் சரியில்லை என்றால் ஆம்புலன்ஸை அழையுங்கள். ஒருவரை வெளியே கொண்டுபோவதற்கான பாதுகாப்பு ஏற்பாடு காவலர்களின் பொறுப்பு. அவருக்கு மருத்துவமனை தேவையா என்று முடிவு செய்வது மருத்துவத் தரப்பின் பொறுப்பு. இந்த இரண்டையும் ஒருபோதும் குழப்பிக்கொள்ளாதீர்கள், குழப்ப விடாதீர்கள்.

இவ்வளவு கண்டிப்பாக நான் எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. 2014 ஆகஸ்டில் மேற்கு ஆஸ்திரேலியாவின் சவுத் ஹெட்லண்டில், கட்டாத அபராதத் தொகைக்காக யமாஜி இனத்தைச் சேர்ந்த இருபத்திரண்டு வயதுப் பெண் ஒருவர் காவல் நிலையத்தில் அடைக்கப்பட்டார். இறந்தவரின் முதற்பெயரைச் சொல்லாத வழக்கம் பல அபோரிஜினல் சமூகங்களில் உண்டு; குடும்பத்தாரின் விருப்பப்படி அவரை மிஸ் டூ என்றே நாடு குறிப்பிடுகிறது. வலி தாங்கவில்லை என்று அவர் சொல்லிக்கொண்டே இருந்தார். இரண்டு நாளுக்குள் மூன்று முறை மருத்துவமனைக்குக் கொண்டுபோகப்பட்டார். முதல் இரண்டு முறையும், காவலில் வைத்திருக்கத் தகுந்த உடல்நிலைதான் என்று சொல்லித் திருப்பி அனுப்பப்பட்டார். அவருடைய வலி நடத்தைப் பிரச்சினையாகப் பார்க்கப்பட்டது. உடல் வெப்பத்தைச் சரிவர எடுத்துப் பார்க்கத் தவறியது பற்றி மரண விசாரணையில் பேசப்பட்டது. மூன்றாவது முறை அவரைத் தூக்கிக்கொண்டுதான் போக வேண்டியிருந்தது. முறிந்த விலா எலும்பிலிருந்து பரவிய கிருமித் தொற்றும் நிமோனியாவும் அவரைக் கொன்றன. ஒரு வெப்பமானியைப் பற்றியதுதானா இது என்று கேட்பீர்கள். ஆம், பெரும்பாலும் அவ்வளவு சிறியதைப் பற்றியதுதான். அந்தக் கருவியை எடுக்கத் தோன்றாமல் போனதற்கு முன்பே, அவர் சொல்வதை நம்ப வேண்டியதில்லை என்ற முடிவு யாரோ ஒருவர் மனத்தில் நடந்து முடிந்துவிட்டது.

2020 ஜனவரி 2ஆம் நாள் மெல்பர்னில் உள்ள டேம் ஃபிலிஸ் ஃப்ராஸ்ட் மகளிர் சிறையில் வெரோனிகா நெல்சன் இறந்தார். கடைத் திருட்டுத் தொடர்பான வழக்கில் பிணை கிடைக்காமல் வைக்கப்பட்டிருந்தவர். போதைப்பழக்கம் நின்றதால் வரும் உபாதையோடு, குடல் அடைபடும் ஓர் அரிய நோயும் அவருக்கு இருந்தது. இரவு முழுவதும் வாந்தியோடும் தசைப்பிடிப்போடும் அறையின் அழைப்புப் பொத்தானை அழுத்தி அழுத்தி உதவி கேட்டார். அந்த ஒலிப்பதிவு விசாரணை மன்றத்தில் கேட்கப்பட்டது. அது தடுத்திருக்கக்கூடிய மரணம் என்று 2023இல் மரண விசாரணை அதிகாரி தீர்ப்பளித்தார். விக்டோரியாவின் பிணைச் சட்டமும் பின்னர் திருத்தப்பட்டது. அவர் பெயரை நாடு மறக்கக் கூடாது என்று குடும்பத்தார் வெளிப்படையாகப் போராடியதால் அதை இங்கே எழுதுகிறேன்.

இந்த மரணங்கள் தனித்தனியே நடந்தவை அல்ல. 1980க்கும் 1989க்கும் இடையில் காவலில் நேர்ந்த 99 அபோரிஜினல் மரணங்களை ஆராய்ந்த அரச ஆணையம், 1991இல் 339 பரிந்துரைகளுடன் அறிக்கை கொடுத்தது. அந்த 99 பேரில் 43 பேர் குழந்தைப் பருவத்தில் அரசாலோ திருச்சபை நிறுவனங்களாலோ குடும்பத்திலிருந்து பிரிக்கப்பட்டவர்கள். சிறைக்குள் வந்த அபோரிஜினல் மக்கள் மற்றக் கைதிகளைவிட அதிக விகிதத்தில் இறக்கவில்லை என்பதையும் ஆணையம் கண்டது. மக்கள்தொகை விகிதத்துக்குப் பொருந்தாத அளவில் அவர்கள் உள்ளே அடைக்கப்படுவதுதான் இத்தனை சாவுகளுக்குக் காரணம் என்றது. அப்போது சிறையில் இருந்தவர்களில் ஏறத்தாழ 14 சதவீதம் பேர் பூர்வகுடி மக்கள். இன்று மூன்றில் ஒருவருக்கும் குறையாமல் இருக்கிறார்கள். நாட்டின் மக்கள்தொகையிலோ அவர்கள் 4 சதவீதத்துக்கும் குறைவு. அந்த அறிக்கைக்குப் பிறகும் 500க்கு மேற்பட்டவர்கள் காவலில் இறந்திருக்கிறார்கள். உங்கள் மருத்துவப் பிரிவின் நாற்காலியில் வந்து உட்காரும் ஒவ்வொருவருக்கும் இவர்களில் ஒருவர் மாமனாகவோ சகோதரியாகவோ இருந்திருக்கலாம். உங்களை முதன்முதலாகப் பார்க்கும்போது அவர் கண்ணில் படுவது உங்கள் முகம் மட்டுமல்ல.

இப்போது அந்த "மறுத்தார்" என்ற சொல்லுக்கு வருவோம். சிறையில் இருப்பவருக்கும் சிகிச்சையை மறுக்கும் உரிமை உண்டு. அந்த உரிமையை யாரும் பறிக்கக் கூடாது. ஆனால் எதை மறுக்கிறோம், மறுத்தால் என்ன ஆகும் என்று தெரிந்து சொல்வதுதான் மறுப்பு. அறைக் கதவுக்கு வெளியே நின்று காவலர் ஒருவர் பெயரைக் கூப்பிட, உள்ளே படுத்திருந்தவர் திரும்பாமல் இருந்ததை மறுப்பு என்று எழுத முடியாது. உங்கள் சக ஊழியர் அவரை நேரில் பார்த்துப் பேசினாரா, எவ்வளவு நேரம், யார் உடனிருந்தார்கள் என்பவை அந்தக் குறிப்பில் இருக்கின்றனவா என்று பாருங்கள். இல்லையென்றால் அது முடிந்த விஷயம் அல்ல.

என் அனுபவம் ஒன்றைச் சொல்ல வேண்டும். சிறை மருத்துவத்துக்கு நான் வந்த புதிதில், ஒருவரைப் பற்றி "ஒத்துழைப்பதில்லை, சொன்னதைச் செய்வதில்லை" என்று தொடர்ந்து மூன்று மாதம் நானே எழுதியிருக்கிறேன். சொல்பேச்சுக் கேட்கவில்லை என்று தண்டனை அறையிலும் அவர் சில நாள் இருந்தார். ஒருநாள் வேறு காரணத்துக்காக அவர் காதுக்குள் கருவியை வைத்துப் பார்த்தேன். இரண்டு காதிலும் சவ்வில் பழைய ஓட்டை. ஒன்றிலிருந்து சீழ் வடிந்துகொண்டிருந்தது. அவருக்கு நான் பேசியதில் பாதி கேட்டதே இல்லை. எனக்குப் பின்னால் எப்போதும் ஓடிக்கொண்டிருந்த பழைய ஏசியின் இரைச்சலில் மீதிப் பாதியும் போயிருக்கும். மூன்று மாதமாக நான் எழுதியவை அத்தனையும் ஒரு காது நோயின் அறிகுறிகள். அந்தக் குறிப்பேட்டை நினைத்தால் இன்றும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

நடுக்காதுச் சீழ் அபோரிஜினல் குழந்தைகளிடம் மிகச் சிறு வயதிலேயே தொடங்கி, செவித்திறனைக் குறைத்துவிட்டுப் போகிறது. டார்வின், ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் சிறைகளில் சோதிக்கப்பட்ட பூர்வகுடிக் கைதிகளில் 90 சதவீதத்துக்கும் மேலானவர்களுக்குக் குறிப்பிடத்தக்க செவிக்குறைவு இருந்தது. ஆகவே இந்த இளைஞரிடம் பேசுவதற்கு முன் அவர் காதைப் பாருங்கள். மின்விசிறி, ஏசி எது ஓடினாலும் நிறுத்துங்கள். அவர் உங்கள் உதட்டைப் பார்க்கும்படி உட்காருங்கள். குறைவு இருக்கிறது என்று தெரிந்தால், அவருடைய சம்மதத்தோடு காவலர்களுக்கும் சொல்லுங்கள். கேட்காத கட்டளையை மீறிய குற்றத்துக்காக ஒருவர் தண்டனை பெறுவதை அது தடுக்கும்.

எல்லாவற்றுக்கும் "ஆமாம்" என்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். அதிகாரத்தில் இருப்பவர் கேள்வி கேட்கும்போது, புரிந்தாலும் புரியாவிட்டாலும் ஒத்துக்கொண்டு பேச்சை முடித்துக்கொள்வது, காவல் நிலையங்களிலும் நீதிமன்றங்களிலும் அபோரிஜினல் மக்கள் அடிபட்டுக் கற்றுக்கொண்ட தற்காப்பு என்பதை மொழியியலாளர்கள் பல பதிற்றாண்டுகளாகச் சுட்டிக்காட்டி வருகிறார்கள். எனவே ஆமாம், இல்லை என்று பதில் வரும் கேள்விகளைத் தவிர்த்துவிடுங்கள். "இந்த ஊசி எதற்கு என்று உங்களுக்குச் சின்ன வயதில் என்ன சொன்னார்கள்?" என்று கேட்டுவிட்டுக் காத்திருங்கள். அந்த மௌனம் நமக்கு நீண்டதாகத் தெரியும், தெரியட்டும். தலை குனிந்து பேசுவதைப் பொறுத்தவரை, பெரியவர்கள் முன்னால் கண்ணுக்கு நேர் பார்க்காமல் பேசுவது மரியாதை என்று நம் வீடுகளிலும் சொல்லித்தான் வளர்த்தார்கள். இங்கும் பல சமூகங்களில் அப்படித்தான். ஆனால் எல்லாருக்கும் அது பொருந்தும் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். இந்த நாட்டில் 250க்கும் மேற்பட்ட மொழிகள் இருந்தன. எந்த ஊர், எந்த இனம், யாருடைய பேரன் என்று அவரிடமே விசாரியுங்கள். நாமும் ஊரில் அப்படித்தானே ஒருவரைத் தெரிந்துகொள்கிறோம்.

பாட்டியின் சாவுதான் இதில் எல்லாவற்றையும்விடப் பெரியது என்று எனக்குத் தோன்றுகிறது. அபோரிஜினல் மக்கள் ஆங்கிலத்தில் "சாரி பிஸினஸ்" என்று சொல்லும் துக்கக் கடமைகளில் ஒருவர் இல்லாமல் போவது, வருத்தத்தோடு முடிகிற விஷயம் அல்ல. கொள்ளி வைக்க வேண்டிய பேரன் வராமல் போனால் நம் ஊரில் அந்தக் குறை குடும்பத்தில் எத்தனை காலம் பேசப்படும் என்று நினைத்துப் பாருங்கள். வளர்த்தவருக்குச் செய்ய வேண்டியதைச் செய்யவில்லை என்ற பாரம் அவர் மேல் இருக்கிறது. உறவுக் கடமைகளை மதித்து, சாவுகளுக்குப் போகக் கேட்கும் விண்ணப்பங்களைப் பரிவோடு பரிசீலிக்க வேண்டும் என்று 1991 அறிக்கையே பரிந்துரைத்தது. ஆள் பற்றாக்குறை, தூரம், பாதுகாப்பு என்று காரணம் காட்டி இன்றும் மறுக்கப்படுவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு முறையும் அதன் விளைவு மருத்துவப் பிரிவுக்குத்தான் வந்து சேர்ந்தது: தூக்கமின்மையாக, சாப்பாட்டை ஒதுக்குவதாக, கையைக் கிழித்துக்கொள்வதாக. ஊசிக்கு வராமல் இருப்பதும் அதுவாக இருக்கலாம்.

ஆகவே முதலில் ஊசியைப் பற்றிப் பேசாதீர்கள். பாட்டி இறந்தது தெரியும், வருத்தப்படுகிறேன் என்று சொல்லுங்கள். பாட்டியின் பெயரை நீங்களாகச் சொல்ல வேண்டாம். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் இருக்கிறதா என்று தெளிவாகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் உண்டாகிவிடாது. இருக்கிறது என்றால் அன்றே மனநலப் பிரிவுக்குத் தெரிவியுங்கள், ஆனால் வெறும் கண்காணிப்பு அறையில் தனியாக அடைப்பதையே ஒரே வழியாக ஏற்காதீர்கள். உறவினரான இன்னொரு கைதியோடு இருக்க வைக்க முடியுமா, வீட்டுக்கு வீடியோ அழைப்பு கிடைக்குமா, பெரியவர்கள் யாராவது வந்து பார்க்க முடியுமா என்று கேளுங்கள். துக்கத்தின் பாதிப்பை மருத்துவக் குறிப்பாக எழுதி, நினைவுச் சடங்கு ஏதேனும் சிறைக்குள் நடத்த அனுமதி கேட்டு நிர்வாகத்துக்கு நீங்கள் கடிதம் கொடுக்கலாம். செவிலியர் எழுதும் கடிதத்துக்கு அங்கே மதிப்பு உண்டு.

இவற்றை எல்லாம் நீங்கள் தனியாகச் செய்ய வேண்டியதில்லை, செய்யவும் கூடாது. உங்கள் பிரிவில் அபோரிஜினல் சுகாதாரப் பணியாளர் இருந்தால் முதலில் அவரிடம் போங்கள். இல்லையென்றால், அந்த வட்டாரத்தில் அபோரிஜினல் சமூகமே நிர்வகிக்கும் மருத்துவ நிலையத்தைத் தொலைபேசியில் பிடியுங்கள். 1971இல் சிட்னியின் ரெட்ஃபெர்னில் முதல் நிலையம் தொடங்கியது. இன்று நாடு முழுவதும் இருக்கின்றன. சிறு வயதிலிருந்து இவருக்கு ஊசி போட்ட செவிலியர் அங்கேயே இருக்கக்கூடும். கான்பராவின் சிறையில், வினங்கா நிமிட்டிஜா என்னும் அத்தகைய நிலையம் 2019 முதல் சிறைக்குள்ளேயே சொந்தமாக மருத்துவச் சேவை நடத்துகிறது. கைதிகள் வெளியே பார்த்த அதே ஆட்களை உள்ளேயும் பார்க்கிறார்கள், விடுதலையானபின் மறுபடி அதே ஆட்களிடம் போகிறார்கள். என்னைக் கேட்டால் ஒவ்வொரு சிறையிலும் இதுதான் நடக்க வேண்டும்.

நடக்காமல் இருப்பதற்குப் பணமும் ஒரு காரணம். 1973ஆம் ஆண்டு மருத்துவக் காப்பீட்டுச் சட்டத்தின் 19(2) பிரிவின்படி, மாநில அரசு நடத்தும் சேவைக்கு மெடிகேர் என்னும் பொது மருத்துவக் காப்பீட்டின் பணம் கிடையாது. அதனால் சிறைக் கதவு சாத்தப்படும் கணத்தில் ஒருவரின் மெடிகேர் நடைமுறையில் நின்றுவிடுகிறது. அபோரிஜினல் மக்களுக்கென்றே மெடிகேரில் உள்ள வருடாந்திர முழு உடல் பரிசோதனையும் உள்ளே கிடைப்பதில்லை. வெளியே உள்ளவர்களுக்குச் சமமான சிகிச்சை என்று, கைதிகளை நடத்துவதற்கான ஐக்கிய நாடுகளின் மண்டேலா விதிகள் சொல்வதற்கு இது நேர் எதிரானது. மனம் வைத்தால் மாற்ற முடியும் என்பதற்குச் சான்றும் நம் கண்முன்னே இருக்கிறது. 2016 மார்ச்சில் ஹெபடைடிஸ் சி நோய்க்கான புதிய மாத்திரைகளுக்கு மத்திய அரசு பணம் தரத் தொடங்கியபோது, சிறையில் இருப்பவர்களையும் சேர்த்துக்கொண்டது. எட்டு அல்லது பன்னிரண்டு வாரத்தில் முடிகிற அந்தச் சிகிச்சையைப் பல சிறைகளில் செவிலியர்களே முன்நின்று நடத்தி, ஆயிரக்கணக்கானவர்களைக் குணப்படுத்தியிருக்கிறார்கள்.

ஊசியைப் பற்றியும் ஒரு வார்த்தை. அது வலிக்கிற ஊசி. 2.3 மில்லி, கெட்டியான மருந்து, இடுப்புத் தசையில். குளிர்பெட்டியிலிருந்து எடுத்து உடனே போடாதீர்கள்; அறை வெப்பத்துக்கு வரட்டும். போடும் இடத்தைக் கட்டைவிரலால் சிறிது நேரம் அழுத்திப் பிடித்துவிட்டு, இரண்டு மூன்று நிமிடம் எடுத்து மெதுவாகச் செலுத்துங்கள். அவர் விரும்பினால் மரத்துப்போகும் மருந்து சேர்ப்பதைப் பற்றி மருத்துவரிடம் கேளுங்கள். மற்றவர்கள் பார்க்க வரிசையில் நிற்க வைத்து, திறந்த கதவுக்கு முன்னால் உடையை இறக்கச் சொல்லாதீர்கள். அதிலும் பெண் செவிலியர் முன் அது அவருக்குச் சொல்ல முடியாத கூச்சமாக இருக்கலாம். ஆண் செவிலியர் வேண்டுமா என்று கேளுங்கள். எத்தனையோ "மறுப்புகள்" இந்த ஒரு கேள்வியில் தீர்ந்திருக்கின்றன.

வெளிநாட்டிலிருந்து வந்த உங்களுக்குப் பேச உரிமை உண்டா என்று கேட்டீர்கள். நோயாளிக்காகப் பேச உங்கள் பதிவுச் சான்றிதழே போதும். அவருடைய பண்பாட்டைப் பற்றி அவர் சார்பில் பேச உங்களுக்கும் எனக்கும் உரிமை இல்லை. அதை அவர்களிடம் விட்டுவிட வேண்டும். நீங்கள் எந்த ஊர் என்று அவர் கேட்டால் சொல்லுங்கள். தாமிரபரணியைப் பற்றிக் கேட்க அவருக்கு ஆர்வம் இருக்கலாம். என்னிடம் பலர் எங்கள் ஊர் ஆற்றைப் பற்றிக் கேட்டிருக்கிறார்கள். வயதில் மூத்தவர்களை உறவு இல்லாவிட்டாலும் ஆன்ட்டி, அங்கிள் என்று அழைக்கும் மக்கள் அவர்கள். அக்கா, அண்ணாச்சி என்று அழைத்து வளர்ந்த உங்களுக்கு அதன் பொருள் தனியே விளக்க வேண்டியதில்லை. சக ஊழியரிடம் சண்டைக்குப் போகாமல், "நான் இன்னொரு முறை அவரைப் பார்த்து வருகிறேன்" என்று மட்டும் சொல்லுங்கள். காவலர் "நடிப்பு" என்றால், அதற்குப் பதிலாக எண்களைச் சொல்லுங்கள்: நாடி இவ்வளவு, மூச்சு இவ்வளவு, மணி இவ்வளவு.

கடைசியாக ஒன்று, இதைத் தள்ளிப்போடாதீர்கள். இவர் விசாரணைக் கைதி. நீதிமன்றத்துக்குப் போன இடத்திலேயே பிணை கிடைத்து, மருந்துச் சீட்டோ கடிதமோ இல்லாமல் அப்படியே வெளியே போய்விடக்கூடும். விடுதலையான முதல் சில வாரங்களில் இறப்பு அபாயம் மிக அதிகம். அதனால் அவருடைய அடுத்த நீதிமன்றத் தேதியையும் ஊசியின் 28ஆம் நாளையும் ஒரே தாளில் எழுதி வைத்து, தேதி முந்தி வந்தால் மருத்துவரிடம் கேட்டு 21ஆம் நாளுக்குப் பிறகு முன்கூட்டியே போட ஏற்பாடு செய்யுங்கள். கடைசி ஊசி எந்தத் தேதி, இதய ஸ்கேன் எப்போது எடுக்க வேண்டும் என்ற ஒரு பக்கக் குறிப்பை அவர் உடைமைகளோடு வைக்கச் சொல்லி, ஒரு பிரதியைச் சமூக மருத்துவ நிலையத்துக்கும், மாநில ருமாட்டிக் இதய நோய்ப் பதிவேட்டுக்கும் இன்றே அனுப்பிவிடுங்கள். ஹெராயின் போன்ற ஓபியாய்டு பழக்கம் உள்ளவராக இருந்தால், 2022 ஜூலை முதல் நாடு முழுவதும் இலவசமாகக் கிடைக்கும், அளவு மீறிய போதையிலிருந்து உயிர் காக்கும் நாலாக்சோன் மூக்குத் தெளிப்பான் ஒன்றும் அவரோடு போகட்டும். அவரைப் பார்த்துவிட்டு வந்ததும், நாடித்துடிப்பு எவ்வளவு இருந்தது, சுவரில் சாய்ந்துதான் தூங்குகிறாரா என்று எனக்கு எழுதுங்கள்.